பள்ளத்தில் இறங்கிய கார்: அடுத்த அரை மணி நேரம்

கீழ்பென்னாத்தூரில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் ஊர்க்காரர். சோமாசிபாடி தாண்டி எங்கே ரோடு தாழ்கிறது, வேட்டவலம் பாதையில் எந்த வளைவில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் பௌர்ணமிக்கோ தீபத்துக்கோ சென்னை, புதுச்சேரி பக்கமிருந்து திண்டிவனம், செஞ்சி, ஆலம்பூண்டி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள், நேரமோ ராத்திரி. இந்த வழியில் பள்ளம் பெரும்பாலும் இரண்டாமவரைத்தான் பிடிக்கும். ஊர்க்காரர் அடி வாங்குவது வேறு விதம்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமே இல்லாமல்.

இந்த அத்தியாயம் இருவருக்கும் பொது. பள்ளத்தைத் தவிர்ப்பது பற்றிச் சுருக்கமாகவும், இறங்கிவிட்ட பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் பில்லில் வரும் பெரிய தொகைகள் பள்ளத்தால் மட்டும் வருவதில்லை, அதற்குப் பிறகு நிறுத்தாமல் ஓட்டிய தூரத்தால் வருகின்றன.

ரோட்டைப் பற்றிக் கொஞ்சம்

ஊரை ஒட்டிப் போகும் பெரிய சாலை தேசிய நெடுஞ்சாலை 77. பழைய ஆட்களுக்கு அது இன்னும் 66-தான். திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை அதை அகலப்படுத்தும் வேலை தொடங்கி, பாதியில் நின்று, பல வருடம் இழுத்த கதையை இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்கள். பெரிய சாலையில் பாலம் தொடங்கும் இடத்தையும், தார் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தையும் கவனிக்க வேண்டும். கிளைச் சாலைகள் தனிக் கதை. நெல் லாரியும் கரும்பு டிராக்டரும் டிப்பரும் போகும் ரோட்டில் அடித்தளம் அமுங்கி, மேலே தார் வெடிப்பு விடும். வெடிப்பில் மழைத் தண்ணீர் இறங்கினால் ஜல்லிக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். அதன் மேல் சக்கரம் ஏற ஏறக் கல் தெறித்து வெளியே வரும். ஒரு கல் போன இடத்தில் ஒரு வாரத்தில் அண்டா அளவு குழி.

இந்த மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை ரோட்டைக் கிழித்துப் போடும் அதே வாரங்களில்தான் தீபக் கூட்டமும் வருகிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். தீபம் டிசம்பர் 13. இடையில் பன்னிரண்டு, பதிமூன்று நாள்தான். அதற்குள் எத்தனை பள்ளத்தை ஒட்டுப்போட்டுவிட முடியும்? போட்ட ஒட்டும் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே தீபத்துக்கு வருகிறவர்கள் புறப்படும்போதே காற்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு பேருக்கு ஓர் அளவு, முழு ஆளும் சுமையும் ஏறினால் வேறோர் அளவு என்று போட்டிருப்பார்கள். ஐந்து பேர் ஏறும்போது இரண்டாவது அளவுதான். காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் நசுங்கி ரிம்மை நேராக இடிக்க விடும். அதற்காக மிகையாக ஏற்றினால் டயர் கல்லாகி, அடி முழுதும் சஸ்பென்ஷனுக்குப் போகும். டயர் சூடாகும் முன், காலையில் பார்ப்பதே சரியான அளவு.

ஓட்டும்போது ஒரு விஷயம் மட்டும் பழகினால் போதும். பள்ளத்தைக் கண்டதும் பிரேக் பிடியுங்கள், ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் வண்டியின் மூக்கு தாழ்ந்து, முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியை வாங்க அதற்கு இடமிருக்காது. சடாரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது, பக்கத்தில் பைக் இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. முன்னால் போகும் லாரியின் சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து முடிவெடுங்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

அறுவடைக் காலத்தில் பள்ளமே இல்லாத ரோட்டிலும் ஆபத்து உண்டு. ரோட்டோரம் நெல்லும் கேழ்வரகும் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைப்பார்கள். தானியத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். பஞ்சரான லாரிக்கு முட்டுக்கொடுத்த பாறாங்கல்லும் அப்படித்தான். சின்னக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 16, 17 செ.மீ. தான் இருக்கிறது, ஆள் ஏறினால் அதுவும் குறையும். ஊர்க்காரர்களே போட்டுக்கொண்ட வேகத்தடைகள் இன்னொரு கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். கிராமத்துத் தடைகளில் பாதி, உயரம் அதற்கு மேல், அகலம் ஒரு முழம்.

இறங்கிவிட்டது. இப்போது?

சத்தத்தை நினைவில் வையுங்கள். பள்ளத்தில் "தொம்" என்று விழுந்து எழுந்தால் அடி டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும். "டங்" என்று இரும்பில் அடித்த சத்தம் காலுக்கடியில் கேட்டால் வண்டியின் அடிப்பாகம் தரையிலோ கல்லிலோ பட்டிருக்கிறது. இரண்டாவது சத்தம் கேட்டால் திருவண்ணாமலை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அது சுமார் 20 கி.மீ. அந்த 20 கிலோமீட்டரில் ஓர் என்ஜின் போய்விடும்.

காரணம் ஆயில் சம்ப். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தட்டு அது. பல கார்களில் மெல்லிய தகடு, சிலவற்றில் அலுமினியம். கல் பட்டால் தகடு நெளியும், அலுமினியம் விரியும். ஆயில் ஒழுக ஆரம்பித்ததும் டேஷ்போர்டில் எதுவும் தெரியாது. மட்டம் இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சிவப்பு எண்ணெய்க்குப்பி விளக்கு எரியும். அது முன்னெச்சரிக்கை விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது எரியும்போது என்ஜினுக்குள் உராய்வு தொடங்கியே விட்டது. எனவே விளக்குக்குக் காத்திருக்காமல், சமதளமாக, பாதுகாப்பாக ஓர் ஓரம் கிடைத்ததும் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் இறங்கி ரோட்டை விட்டு விலகி நிற்கட்டும்.

பிறகு செல்போன் டார்ச்சை அடித்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சொட்டுவது தெளிந்த தண்ணீராக இருந்தால் ஏசி நீர், பயப்பட வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் ரேடியேட்டர் கூலன்ட். கறுப்பாக, விரலில் தொட்டால் வழுவழுவென்றால் என்ஜின் ஆயில். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்து பிரேக் மிதி ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில். ஏசி நீரைத் தவிர எது ஒழுகினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் வந்த வழியே பத்தடி நடந்து பாருங்கள். ரோட்டில் கறுப்புக் கோடு ஒன்று உங்கள் வண்டியைத் தொடர்ந்து வந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஆயில் ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு "கொஞ்சம் ஓரம் கட்டிக்கலாம்", "குழந்தைக்குப் புழுக்கமா இருக்கு, ஏசி போடலாம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளித்தான் ஓரம் கட்ட வேண்டும். டோ செய்யும்போது முன்சக்கர இழுவை வண்டிக்கு முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் முழு வண்டியையும் ஏற்றும் படுக்கை லாரியே நல்லது. உங்கள் பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் இதற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது.

ஒழுகல் எதுவும் இல்லையா? நான்கு டயர்களையும் கையால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு தட்டுப்பட்டால், உள்ளே நூலிழை அறுந்து ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கி நிற்கிறது என்று பொருள். இதற்கு ஒட்டு கிடையாது, வல்கனைசிங் கிடையாது. பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்று பஞ்சர் கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். பின் டயர் வெடித்தால் வண்டி சுழலும். ஸ்டெப்னியை மாட்டுங்கள். புடைப்பு டயரின் உட்பக்கத்திலும் வரும், அது நின்று பார்த்தால் தெரியாது, குனிய வேண்டும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் விரிசல் விட்டால் மாற்றுவதே வழி. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேசும் சேதம்

அன்றைக்கு வண்டி நன்றாகவே ஓடும். நோய் பிறகுதான் வாய் திறக்கும். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தும் சின்னம் கோணலாக நிற்பது இரண்டும் அலைன்மென்ட் கலைந்ததற்கு அடையாளம். 80, 90-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறினால் ரிம் நெளிந்திருக்கலாம், பேலன்ஸிங் போயிருக்கலாம். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் "டொக் டொக்" என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக்" என்று எண்ணுவது போலச் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். வேகம் கூடக் கூட விமானம் போல ஒரு முழக்கம் வந்தால் வீல் பேரிங். வேகத்தடையில் இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று தடவை குதித்தால் ஷாக் அப்சார்பரில் ஆயில் வடிந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் இதில் எது என்று கண்டுபிடிப்பதை நீங்களே நின்று பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றியதும் மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுவார். கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடம். அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். 9-க்கும் 3-க்கும் கையை மாற்றி ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராடு அல்லது ஸ்டியரிங் ரேக். லோயர் ஆர்மின் புஷ்ஷில் ஒரு கடப்பாறையைக் கொடுத்து நெம்பினால் ரப்பர் வாய் பிளப்பது கண்ணுக்குத் தெரியும். நல்ல புஷ் நெம்பினால் திரும்பி வரும், போன புஷ் பிளந்தபடி நிற்கும்.

இந்த இடத்தில் நடக்கும் பேச்சுவார்த்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"அண்ணே, புஷ் மட்டும் மாத்துனா போதுமா, ஆர்மே மாத்தணுமா?"

"ஆர்மோட மாத்திடுங்க சார், அதான் பெட்டர்."

அவர் சொல்வது எப்போதும் தவறல்ல. சில வண்டிகளுக்கு புஷ் தனியாக நன்றாக உட்காராது, பால் ஜாயின்டும் தேய்ந்திருந்தால் ஆர்மோடு மாற்றுவதே லாபம். ஆனால் பால் ஜாயின்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று உங்கள் முன்னால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஷாக் அப்சார்பர் என்றால் இடது வலது ஜோடியாக மாற்றுவது நியாயம்தான், ஏமாற்றவில்லை. இன்னொன்று: ஆட்டமுள்ள பாகத்தை மாற்றும் முன் அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. முதலில் பாகம், பிறகு அலைன்மென்ட். வரிசையை மாற்றினால் இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள்.

ஊர்க்காரர்களுக்கு என் சிபாரிசு: மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு தடவை வண்டியை ஏற்றி அடிப்பாகம் பார்த்துவிடுங்கள். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்திருப்பதை அப்போதே கண்டால் பூட்டோடு போகும். விட்டால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போய் ஜாயின்டே போகும்.

இன்ஷூரன்ஸ்: கேட்பதா, விடுவதா

தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. பள்ளத்தில் விழுந்த சேதத்துக்கு ஓன் டேமேஜ் பாலிசி வேண்டும்.

பாலிசியில் யாரும் படிக்காத மூன்று விஷயங்கள் இங்கே காசாகின்றன. முதலாவது டயர். வழக்கமான பாலிசி, டயர் மட்டும் கிழிந்தால் எதுவும் தராது. அதே அடியில் வண்டிக்கும் சேதம் இருந்தால்தான் டயருக்குத் தரும், அதுவும் பாதி விலை. இரண்டாவது தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, ஐந்து வருடம் தாண்டினால் 40 சதவீதம். 'பம்பர் டு பம்பர்' என்று நம் ஊரில் சொல்லும் தேய்மானமில்லாப் பாலிசி எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை, ஆனால் டயருக்குப் பெரும்பாலும் தனிச் சேர்க்கை வேண்டும். மூன்றாவதுதான் பெரிய வெட்டு: தொடர் சேதம். கல் பட்டு உடைந்த சம்புக்குப் பணம் தருவார்கள். ஆயில் இல்லாமல் ஓட்டியதால் பிடித்துக்கொண்ட என்ஜினுக்கு, அது விபத்தின் சேதமல்ல, ஓட்டியவரின் செயல் என்று மறுப்பார்கள். பில்லில் சம்பு சில ஆயிரம், என்ஜின் லட்சத்தை நெருங்கும். மேலே அத்தனை தூரம் "நிறுத்துங்கள்" என்று சொன்னது இதற்காகவும்தான். என்ஜின் புரொடெக்ட் என்ற சேர்க்கை இருந்தால் வழி உண்டு. அதிலும் ஆயில் ஒழுகியதற்கான நேரடி அடியைக் காட்ட வேண்டும்.

எனவே நின்ற இடத்திலேயே படம் எடுங்கள்: பள்ளம், கிலோமீட்டர் கல், வண்டி நின்ற நிலை, ரோட்டில் ஆயில் கோடு. கம்பெனிக்குப் போன் செய்து கிளைம் எண் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பாகத்தைக் கழற்றிவிட்ட பின் சர்வேயர் வந்தால் பார்க்க எதுவும் இருக்காது.

ஆனால் எல்லாச் சேதத்துக்கும் கிளைம் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், ஐந்து வருடம் கிளைம் போடாமல் 50 சதவீத நோ கிளைம் போனஸில் 4,000 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இந்த வருடம் கிளைம் போட்டால் போனஸ் பூஜ்ஜியமாகி, 20, 25, 35, 45 என்று படிப்படியாகத்தான் ஏறும். பிரீமியம் மாறாமல் இருந்தாலே, அடுத்த ஐந்து வருடத்தில் 4,000, 2,400, 2,000, 1,200, 400 என்று மொத்தம் 10,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். அதற்கு மேல் கட்டாயக் கழிவு வேறு: 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஒரு டயரும் ரிம்மும் அலைன்மென்டும் சேர்ந்த 9,000 ரூபாய் பில்லுக்குக் கிளைம் போடுகிறவர் தன் பணத்தைத் தானே கடன் வாங்குகிறார். போனஸ் பாதுகாப்புச் சேர்க்கை வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

ரோடு யாருடையது

நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்பார்கள். நேர்மையான பதில்: காரின் சேதத்துக்கு நம் நாட்டில் எளிய வழி இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, ரோட்டைத் தரமாக வைக்கத் தவறிய அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. ஆனால் அது மரணமோ ஊனமோ நேர்ந்தால் மட்டும். 2022-இல் மட்டும் பள்ளங்களால் நாட்டில் 1,856 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணிக்கைக்கு முன் நம் ரிம்மும் டயரும் சின்ன விஷயம்தான், ஆனால் காரணம் ஒரே பள்ளம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் மகாராஷ்டிராவில் பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில், மதுரவாயல்–வாலாஜாபேட்டை ரோடு மோசமாக இருந்ததற்காக அங்கிருந்த சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்றது. காருக்கு நேர்ந்த சேதத்தை உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. அங்கேயும் கேள்வி ஒன்றே: இந்தப் பள்ளம் பற்றி நிர்வாகத்துக்கு முன்பே தெரியுமா?

புகார் எழுதுவதன் பயன் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033-க்குப் பேசுங்கள். பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதற்கும் மாவட்டச் சாலைகளுக்கும் நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு போடலாம். மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்துக்கு 24 மணி நேரம், மாவட்டச் சாலைக்கு 72 மணி நேரம் என்று துறையே கெடு வைத்துக்கொண்டது. ஊருக்குள் தெரு என்றால் கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி, கிராமச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100. பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, அந்த ரோட்டை யார் போட்டார், பராமரிப்புக் காலம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வண்டி தப்பித்துவிட்டாலும் புகாரை எழுதுங்கள். தேதி, நேரம், கிலோமீட்டர் கல் எண், படம் இவை நான்கும் அதில் இருக்கட்டும், புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வாரம் அதே குழியில் ஒரு பைக் விழுந்தால், தெரியாது என்று யாரும் சொல்ல முடியாமல் போவது அந்த எண்ணால்தான்.